ஃபோட்டோசிந்தடிக் பாக்டீரியால இருந்து ஹைட்ரஜன்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

பாக்டீரியா நெஜமாவே ஹைட்ரஜன் விடுமா?

விடும். இது புது விஷயமும் இல்ல, 1949லயே ஹோவர்ட் கெஸ்ட், மார்ட்டின் கேமன்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல ரோடோஸ்பிரில்லம் ரூப்ரம்ங்கிற பாக்டீரியாவ வெளிச்சத்துல வெச்சு வளத்தப்போ கேஸ் வர்றத பாத்து, அது ஹைட்ரஜன்னு எழுதிட்டாங்க. (இந்த கேமன் தான் 1940ல சாம் ரூபனோட சேந்து கார்பன்-14 கண்டுபிடிச்சவரு.) இதுல சுவாரசியம் என்னன்னா நைட்ரஜன் வாயுவ உள்ள விட்டா ஹைட்ரஜன் வர்றது நின்னு போச்சு, ஏன் நிக்குதுன்னு நோண்டுனப்போ தான் இந்த பாக்டீரியா காத்துல இருக்குற நைட்ரஜன பிடிச்சு அமோனியா ஆக்குற ரகம்ங்கிறதே தெரிய வந்துச்சு. அந்த ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கீழ வருது, மொத்த கதையோட சாவியே அதுல தான் இருக்கு.

எந்த பாக்டீரியாவ சொல்றீங்க, பச்சை கலர்ல இருக்குமே அதுவா?

பெரும்பாலும் இல்ல. ஹைட்ரஜனுக்காக அதிகமா வளக்குறது பர்ப்பிள் நான்-சல்ஃபர்னு சொல்ற கூட்டம். ரோடோபாக்டர் ஸ்பீராய்டஸ், ரோடோபாக்டர் கேப்சுலேட்டஸ், ரோடோப்சூடோமோனாஸ் பாலஸ்ட்ரிஸ், மேல சொன்ன ரூப்ரம், இதெல்லாம் இதுல வரும். பேர்ல பர்ப்பிள்னு இருந்தாலும் குடுவைல பாத்தா செவப்பு, ப்ரவுன், ஒயின் கலர்னு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், கரோட்டினாய்டுங்கிற நிறமி பண்ற வேலை அது. குளத்து சேறு, தேங்குன சாக்கடை, வெளிச்சம் கொஞ்சம் படணும் ஆக்சிஜன் இருக்கக்கூடாது, அப்படி ஒரு எடம் கிடைச்சா இது அங்க இருக்கும்.

இதுகிட்ட இருக்குறது பாக்டீரியோகுளோரோஃபில், செடியோட பச்சையத்துக்கு சொந்தக்கார நிறமி. செடி எடுத்துக்குற செவப்பு வெளிச்சத்தையும் தாண்டி, நம்ம கண்ணுக்கு தெரியாத 800ல இருந்து 880 நானோமீட்டர் வரைக்கும் உள்ள அகச்சிவப்ப இது எடுத்துக்கும். அதாவது மேல பாசி மூடி இருந்தாலும் பாசி விட்ட மிச்ச வெளிச்சத்துல இது கீழ பொழச்சிக்கும்.

அப்போ இது தண்ணிய பிளந்து ஹைட்ரஜன் எடுக்குது, சரியா?

தப்பு. இத தான் எல்லாரும் குழப்பிக்கிறாங்க, பல கட்டுரைலயும் இப்படியே எழுதி வெச்சிருக்காங்க. செடி, பாசி, சயனோபாக்டீரியா (நீலப்பச்சை பாக்டீரியா) எல்லாத்துலயும் ரெண்டு ஃபோட்டோசிஸ்டம், அதாவது வெளிச்சத்த பிடிச்சு எலக்ட்ரான நகத்துற அமைப்பு, உண்டு, அதுல ஒண்ணு தண்ணில இருந்து எலக்ட்ரான உருவி ஆக்சிஜன வெளிய தள்ளும். பர்ப்பிள் பாக்டீரியாவுக்கு இருக்குறது ஒரே ஒரு ஃபோட்டோசிஸ்டம், தண்ணில இருந்து எலக்ட்ரான் பிடுங்குற அளவுக்கு அதுக்கு சக்தி பத்தாது. அதனால ஆக்சிஜனும் வராது.

எலக்ட்ரான் எங்க இருந்து வருதுன்னா ஆர்கானிக் ஆசிட்ல இருந்து: அசிட்டிக், லாக்டிக், மாலிக், பியூட்டிரிக் இந்த மாதிரி. வெளிச்சத்தோட வேலை ஏடிபி (செல் சக்தியா செலவு பண்ற மூலக்கூறு) தயார் பண்றதும், வந்த எலக்ட்ரான உயர்ந்த சக்தி நிலைக்கு தள்ளி விடுறதும் தான். ஹைட்ரஜன்ல இருக்குற புரோட்டான்ல பாதி தண்ணில இருந்து வருதுன்னு கணக்கு சொல்லலாம், அது இருக்கட்டும், புரோட்டானுக்கு எப்பவும் பஞ்சமே இல்ல, சண்டை எல்லாம் எலக்ட்ரானுக்கு தான்.

சரி, ஹைட்ரஜன் செல்லுக்குள்ள எப்படி உருவாகுது?

நைட்ரஜனேஸ்ங்கிற என்சைம் மூலமா. இதோட அசல் வேலை நைட்ரஜன் வாயுவ அமோனியா ஆக்குறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 8 எலக்ட்ரான், 16 ஏடிபி செலவு பண்ணி 2 அமோனியா தரும், கூடவே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறையும் விட்டே தீரும், அது இந்த என்சைமோட இயல்பு, தவிர்க்க முடியாது. இப்போ நைட்ரஜன் வாயுவயே இல்லாம பண்ணிட்டு அதுக்கு பதிலா ஆர்கான் நெரப்பி வெச்சா என்சைம் சும்மா இருக்காது, வர்ற எலக்ட்ரான் எல்லாத்தையும் புரோட்டான் மேல போட்டு ஹைட்ரஜனா தள்ளிக்கிட்டே இருக்கும். ஒரு ஹைட்ரஜனுக்கு 4 ஏடிபி. 1949ல நைட்ரஜன் விட்டதும் ஹைட்ரஜன் நின்னதுக்கு காரணமும் இது தான்.

4 ஏடிபிங்கிறது ரொம்ப அதிகம். இருட்டுல வாழ்ற ஒரு பாக்டீரியாவுக்கு இவ்ளோ செலவு தாங்குறது கஷ்டம், வெளிச்சத்துல இருந்து ஏடிபி ஓசில கிடைக்குறதால தான் இதுக்கு கட்டுபடியாகுது. பதிலுக்கு ஒரு லாபமும் உண்டு, இந்த ரியாக்ஷன் ஒரு பக்கமா மட்டும் தான் போகும், சுத்தி எவ்ளோ ஹைட்ரஜன் சேந்தாலும் திரும்பி ஓடாது. ஹைட்ரஜனேஸ்னு ஹைட்ரஜன் உண்டாக்குற இன்னொரு என்சைம வெச்சு பண்ற மத்த முறைல எல்லாம் ஹைட்ரஜன் சேர சேர ஓட்டம் கொறஞ்சிரும், இதுல அந்த தொல்லை கெடையாது.

குறை? மெதுவு. நைட்ரஜனேஸ் ஒரு செகண்டுக்கு சில தடவ தான் வேலை பாக்கும், இரும்பு-இரும்பு ஹைட்ரஜனேஸ் ஆயிரக்கணக்குல போகும்.

பாக்டீரியாவுக்கு இதனால என்ன லாபம்? சும்மா வீணாக்குதா?

எலக்ட்ரான் கூடிப்போச்சுன்னா செல்லுக்கு மூச்சு முட்டும். மூச்சு விட ஆக்சிஜன் இல்ல, அதனால உபரி எலக்ட்ரான எங்கயாவது இறக்கி வெச்சாகணும். ஒண்ணு கார்பன் டை ஆக்சைட பிடிச்சு செல் சரக்கா மாத்தலாம், இல்ல பிஹெச்பின்னு ஒரு பிளாஸ்டிக் மாதிரி பொருளா உள்ளுக்குள்ள சேத்து வெக்கலாம், இல்ல ஹைட்ரஜனா ஊதி விடலாம். நாம பண்ற தகிடுதத்தம் எல்லாம் முதல் ரெண்டு வழியையும் அடச்சிட்டு மூணாவது வழில தள்ளி விடுறது தான். ஜேம்ஸ் மெக்கின்லே, கரோலின் ஹார்வுட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பாலஸ்ட்ரிஸ்ல கார்பன் பிடிக்கிற சுழற்சிய முடக்கி காட்டுனாங்க, அந்த எலக்ட்ரான் ஹைட்ரஜன் பக்கம் திரும்பிருச்சு.

அப்டேக் ஹைட்ரஜனேஸ்னு ஒண்ணு சொல்றாங்களே?

அது வில்லன். நைட்ரஜனேஸ் விட்ட ஹைட்ரஜன இன்னொரு என்சைம் உக்காந்து திரும்ப உறிஞ்சிக்கும். பாக்டீரியா பார்வைல அது சிக்கனம், நம்ம பார்வைல திருட்டு. அந்த ஜீன தூக்கிட்டா மகசூல் கூடும், இத நிறைய லேப்ல பண்ணி பாத்துட்டாங்க.

சாப்பாடா என்ன குடுக்கணும், எவ்ளோ திரும்ப வரும்?

காகித கணக்குப்படி ஒரு மூலக்கூறு அசிட்டிக் ஆசிட் 4 ஹைட்ரஜன் தரும், லாக்டிக் 6, மாலிக் 6, சக்சினிக் 7, பியூட்டிரிக் 10. நெஜத்துல லாக்டிக்கும் மாலிக்கும் நல்லா ஓடும், கவனமா பண்ணா காகித கணக்குல பாதிக்கு மேலயே வந்துரும். அசிட்டிக் தான் படுத்தும், நெறைய போய் பிஹெச்பியா உக்காந்துக்கும்.

சர்க்கரைய நேரா குடுக்கலாமான்னு கேப்பாங்க. சில ஸ்ட்ரெய்ன் (உள்ரகம்) எடுத்துக்கும் ஆனா அது இதோட பலம் இல்ல. சர்க்கரைய சாதாரண ஃபெர்மென்டேஷன் பாக்டீரியா (க்ளோஸ்ட்ரிடியம் மாதிரி) இருட்டுலயே ஒடச்சிரும், ஒரு குளுக்கோஸ்க்கு அதிகபட்சம் 4 ஹைட்ரஜன் விட்டுட்டு மிச்சத்த ரெண்டு அசிட்டிக் ஆசிட்டா தூக்கி போட்டுரும், அதுக்கு மேல இருட்டுல பிழிய முடியாது. அந்த ரெண்டு அசிட்டிக்க எடுத்து பர்ப்பிள் பாக்டீரியாகிட்ட குடுத்தா ரெண்டு நாலு எட்டு, ஆக மொத்தம் ஒரு குளுக்கோஸ்க்கு 12. இது தியரி, நடைமுறைல 12 யாரும் பாக்கல. ஆனாலும் இருட்டு தொட்டி முதல்ல, வெளிச்ச தொட்டி அடுத்துன்னு ரெண்டு கட்டமா போறது தான் இந்த ஃபீல்டுல உருப்படியான யோசனைன்னு நான் நினைக்கிறேன். பால் பண்ணை கழிவு, சர்க்கரை ஆலை கழிவு, ஆலிவ் எண்ணெய் ஆலை கழிவு எல்லாத்தையும் இதுல போட்டு பாத்திருக்காங்க.

கழிவு தண்ணி தான் எக்கச்சக்கமா இருக்கே, அப்புறம் என்ன பிரச்சனை?

அமோனியம், அதாவது தண்ணில கரைஞ்ச அமோனியா. நைட்ரஜனேஸ் இருக்குறதே அமோனியா இல்லாத நேரத்துல அத தயாரிக்க, அமோனியம் ஏற்கனவே தண்ணில இருக்குன்னா பாக்டீரியா ஏன் 16 ஏடிபி செலவு பண்ணும்? ஜீனையே ஆஃப் பண்ணிரும், ஏற்கனவே இருக்குற என்சைமயும் பூட்டி வெச்சிரும். புரோட்டீன் அதிகமா இருக்குற கழிவு எதுவா இருந்தாலும் அழுகுறப்போ அமோனியம் வரும், அதோட ஹைட்ரஜன் கனவு முடிஞ்சுது. பாக்டீரியா மட்டும் கொழு கொழுன்னு வளரும், குமிழி ஒண்ணு கூட வராது.

லேப்ல இத தவிர்க்க நைட்ரஜனுக்கு குளூட்டமேட்ங்கிற அமினோ ஆசிட் குடுப்பாங்க, அது மெதுவா எறங்குறதால நைட்ரஜனேஸ் ஆன்லயே இருக்கும். டன் கணக்குல கழிவு வர்ற எடத்துல குளூட்டமேட் வாங்கி போட்டு கட்டுபடியாகாது. அங்க ஒண்ணு அமோனியத்த முதல்ல எடுத்துரணும், இல்ல கார்பன் அதிகம் நைட்ரஜன் கம்மியா இருக்குற கழிவா பாத்து பொறுக்கணும், இல்ல அமோனியம் இருந்தாலும் கண்டுக்காத மியூட்டன்ட் (ஜீன் மாறுன ரகம்) வேணும். அந்த மாதிரி மியூட்டன்ட் உண்டு: நைட்ரஜனேஸ் ஜீன ஆன் பண்ற நிஃப்ஏ புரோட்டீன்ல ஒரு மாற்றம் விழுந்தா ஸ்விட்ச் ஆன்லயே மாட்டிக்கும். 2007ல பாலஸ்ட்ரிஸ்ல இத காட்டுனாங்க. ஆனா இயற்கைல இருந்து ஒரு சோம்பேறி பாக்டீரியா உள்ள நொழஞ்சா ஹைட்ரஜன் விடாம அது வேகமா வளந்து நம்ம ஆள ஓரங்கட்டிரும்ங்கிற ஆபத்து எப்பவும் இருக்கு, ஏன்னா கழிவு தண்ணிய ஸ்டெரிலைஸ் பண்ணிக்கிட்டு இருக்க முடியாது.

வெயில் அதிகம் அடிச்சா ஹைட்ரஜனும் அதிகம் வருமா?

ஒரு அளவு வரைக்கும் தான், அந்த அளவும் ரொம்ப கம்மி. மங்குன வெளிச்சத்துல வாழப் பொறந்த ஜீவன் இது, அதனால வெளிச்சத்த பிடிக்க பெரிய ஆன்டெனா கட்டி வெச்சிருக்கு. உச்சி வெயில்ல மேலாப்புல இருக்குற செல் தேவைக்கு மேல பல மடங்கு வெளிச்சத்த வாரிக்கிட்டு பாதிக்கு மேல சூடா விட்டுரும், ரெண்டு செண்டிமீட்டர் கீழ இருக்குற செல்லுக்கு இருட்டு. பந்தில முன்னாடி உக்காந்தவன் தின்னவும் முடியாம இலைல கொட்டி வெச்சிருக்க, பின்னாடி உக்காந்தவன் பட்டினி கெடக்குற கதை. இதுக்கு ரெண்டு வைத்தியம். தொட்டிய ஒல்லியா கட்டணும், தட்டையான பேனலோ குழாயோ, அதுல நல்லா கலக்கி விடணும், அப்போ செல் எல்லாம் மாறி மாறி வெளிச்சத்துக்கு வரும். இல்ல ஆன்டெனாவ சின்னதாக்குன மியூட்டன்ட் போடணும், பேராசை கொறஞ்சா வெளிச்சம் ஆழமா போகும். ரெண்டாவது அழகான ஐடியா, ஆனா சின்ன ஆன்டெனா வெச்ச செல் மேகமூட்டத்துல சோர்ந்துரும்.

ராத்திரி நிக்கும். காலைல திரும்ப ஆரம்பிக்க நேரம் எடுக்கும்.

லைட் போட்டு ராத்திரியும் ஓட்டலாமே?

லேப்ல ஓட்டுறாங்க, பழைய டங்ஸ்டன் பல்பு இதுக்கு ரொம்ப தோது, அகச்சிவப்பு நெறைய வரும். எரிபொருளுக்காக பண்றதா இருந்தா வேண்டவே வேண்டாம். குடுத்த வெளிச்சத்துல 3 சதவீதம் ஹைட்ரஜனா வந்தாலே கை தட்டணும், எல்ஈடில கரண்ட்ல பாதி தான் வெளிச்சமா மாறுதுன்னு வெச்சா 100 யூனிட் கரண்டுக்கு ஒண்ணரை யூனிட் ஹைட்ரஜன். அதே 100 யூனிட்ட ஒரு எலக்ட்ரோலைசர்ல (கரண்ட வெச்சு தண்ணிய பிளக்குற மெஷின்) விட்டா 60, 70 யூனிட் ஹைட்ரஜனா வந்துரும்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எவ்ளோ எடம் வேணும்?

போட்டு பாத்துரலாம். வெளில நல்ல வெயில்ல ஒரு லிட்டர் கல்ச்சர் (பாக்டீரியா வளர்ற தண்ணி) மணிக்கு 20 மில்லிலிட்டர் குடுக்குதுன்னு வெச்சுக்கோங்க, லேப்ல இதவிட பல மடங்கு காட்டுவாங்க, வெளில மாசக்கணக்குல ஓடுற தொட்டிக்கு இது நல்ல நம்பர். 10 மணி நேர வெயிலுக்கு 200 மில்லி. ஒரு கிலோ ஹைட்ரஜன் சாதாரண அழுத்தத்துல சுமாரா 12,000 லிட்டர் எடம் பிடிக்கும். ஆக ஒரு நாளைக்கு ஒரு கிலோ வேணும்னா 60,000 லிட்டர் கல்ச்சர். 5 செண்டிமீட்டர் கனத்துல பரப்புனா 1,200 சதுர மீட்டர்.

அந்த ஒரு கிலோல ஒரு ஃபியூல் செல் கார் (ஹைட்ரஜன கரண்டா மாத்தி ஓடுறது) 100 கிலோமீட்டர் கிட்ட போகும். அவ்ளோ தான்.

இதே ஒரு கிலோவ சோலார் பேனல் வெச்சு எலக்ட்ரோலைசர்ல எடுக்கணும்னா 50ல இருந்து 55 யூனிட் கரண்ட் ஆகும், நல்ல வெயில்ல ஒரு சதுர மீட்டர் பேனல் ஒரு நாளைக்கு சுமார் ஒரு யூனிட் தரும், அப்போ 55 சதுர மீட்டர்ல முடிஞ்சுது. இருபது மடங்குக்கு மேல வித்தியாசம்.

அப்புறம் எதுக்கு சார் இந்த வெட்டி வேலை?

நியாயமான கேள்வி. வெயில ஹைட்ரஜனா மாத்துற மெஷின்னு இத பாத்தா இது தோத்துப் போன மெஷின், இத சோலார் பேனலோட போட்டிக்கு நிறுத்துறவங்க மேல எனக்கு கோவம் தான் வருது, நிதி கேக்குற விண்ணப்பத்துல எழுத நல்லா இருக்கும், அவ்ளோ தான். ஆனா கழிவு தண்ணி சுத்தம் பண்ற கடைசி கட்டம்னு பாத்தா கணக்கு மாறும். ஆசிட் நெறஞ்ச தண்ணிய எப்படியும் காசு செலவு பண்ணி தான் சுத்தம் பண்ணணும், அந்த எடத்துல இந்த பாக்டீரியா ஆசிட்ட தின்னு தண்ணிய சுத்தமாக்கி, கூட கொஞ்சம் ஹைட்ரஜனும் குடுத்துட்டு போனா அந்த ஹைட்ரஜன் போனஸ். அப்பவும் போட்டி இல்லாம இல்ல, அதே ஆசிட்ட வெளிச்சமே இல்லாத மூடுன தொட்டில மீத்தேன் ஆக்குற பயோகேஸ் முறை பல பத்து வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு, கண்ணாடி குழாய் வேணாம், வெயில் வேணாம், எடமும் கம்மி. ஹைட்ரஜன் தான் வேணும்னு ஒருத்தருக்கு கண்டிப்பான தேவை இருந்தா மட்டும் இந்த வழி ஜெயிக்கும்.

சயனோபாக்டீரியா தண்ணிலயே பண்ணுமே, அது பெட்டர் இல்லையா?

கேக்க சூப்பரா இருக்கும்: வெயில், தண்ணி, காத்து, வேற எதுவும் வேணாம். சிக்கல் என்னன்னா தண்ணிய பிளந்தா ஆக்சிஜன் வரும், ஹைட்ரஜன் பண்ற என்சைம் பெரும்பாலும் ஆக்சிஜன் பட்டா செத்துரும். ஒரே செல்லுக்குள்ள ரெண்டும் எப்படி? இயற்கை இதுக்கு ரெண்டு வழி கண்டுபிடிச்சிருக்கு. அனபீனா மாதிரி சங்கிலியா வளர்ற ரகத்துல சில செல் மட்டும் தடிச்ச சுவர் போட்டு ஹெட்டிரோசிஸ்ட்டா மாறும், அதுக்குள்ள ஆக்சிஜன் உற்பத்தி கெடையாது, நைட்ரஜனேஸ் பத்திரமா இருக்கும், பக்கத்து செல் சர்க்கரை அனுப்பும். 1974ல ஜான் பெனமனும் நான்சி வேரும் அனபீனா சிலிண்ட்ரிகாவ ஆர்கான்ல வெச்சு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒண்ணா வர்றத காட்டுனாங்க. இன்னொரு வழி நேரத்த பிரிக்கிறது, சயனோதீஸ் 51142ங்கிற ரகம் பகல்ல சர்க்கரை சேத்து வெச்சு ராத்திரி அத எரிச்சு செல்லுக்குள்ள ஆக்சிஜன காலி பண்ணிட்டு நைட்ரஜனேஸ ஓட்டும், 2010ல வந்த ஆய்வுல ஜீன் மாத்தாத இயற்கை ரகங்கள்ல அதுவரைக்கும் பாக்காத அளவு ஹைட்ரஜன் இதுல வந்துச்சு.

இருந்தும் பர்ப்பிள் பாக்டீரியா அளவுக்கு விளைச்சல் பொதுவா வராது. அதோட சங்கிலி ரகத்துல ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வெளிய வரும், அந்த கலவை எவ்ளோ ஆபத்துன்னு சொல்லத் தேவையில்ல.

பச்சை பாசி?

அது பாக்டீரியா இல்ல. 1940கள் தொடக்கத்துல ஹான்ஸ் காஃப்ரான் பாசில ஹைட்ரஜன் வர்றத பாத்தாரு, 2000த்துல கிளாமிடோமோனாஸ்க்கு சல்ஃபர் குடுக்காம பட்டினி போட்டு நாள்கணக்கா ஹைட்ரஜன் எடுத்தாங்க. அது தனி கதை.

வர்ற கேஸ் சுத்தமா இருக்குமா, அப்படியே ஃபியூல் செல்லுக்கு விடலாமா?

மத்த உயிர் முறையோட பாத்தா நல்ல சுத்தம். கார்பன் டை ஆக்சைடுல ஒரு பங்கு தண்ணிலயே கரைஞ்சு நின்னுரும், அதனால மேல வர்ற கேஸ்ல பெரும்பகுதி ஹைட்ரஜனா தான் இருக்கும். மிச்ச கார்பன் டை ஆக்சைட காரக் கரைசல்ல கழுவி எடுத்துட்டு ஈரத்த உலத்துனா போதும். ஃபியூல் செல்லுக்கு பரம எதிரியான கார்பன் மோனாக்சைடு தொல்லை இதுல இல்ல, சொல்லப்போனா ரூப்ரம் கார்பன் மோனாக்சைடயே தின்னுட்டு இருட்டுலயும் ஹைட்ரஜன் விடும், அது வேற என்சைம் வேற பாதை.

கார்பன் டை ஆக்சைடு வருதுன்னா இது எப்படி பசுமை?

அந்த கார்பன் செடி காத்துல இருந்து எடுத்தது தான், கழிவா போயிருந்தாலும் காத்துக்கே திரும்பிருக்கும். உண்மைல நோண்ட வேண்டியது பம்பும் கலக்குற மோட்டாரும் கூலிங்கும் எவ்ளோ கரண்ட் தின்னுதுன்னு. ஒல்லி குழாய்ல தண்ணிய சுத்த விடுறதுக்கு ஆகுற செலவு வர்ற ஹைட்ரஜனோட சக்திய தாண்டிருச்சுன்னா பசுமைன்னு பேசுறதுல அர்த்தமே இல்ல. ஒரு பேப்பர்ல ஹைட்ரஜன் அளவு மட்டும் போட்டு பம்ப் கணக்கு போடலன்னா நான் பாதி நம்பிக்கையோட தான் படிப்பேன்.

பெரிய அளவுல யாராவது பண்ணிருக்காங்களா?

ஐரோப்பாவுல 2006ல இருந்து 2010 வரைக்கும் ஹைவல்யூஷன்னு ஒரு ப்ராஜெக்ட் ஓடுச்சு, மேல சொன்ன ரெண்டு கட்ட முறையே தான், முதல் கட்டம் சூட்ட தாங்குற பாக்டீரியா, அடுத்தது பர்ப்பிள். துருக்கில அங்காரா மிடில் ஈஸ்ட் டெக்னிகல் யுனிவர்சிட்டில ரோடோபாக்டர் கேப்சுலேட்டஸ வெளில குழாய் ரியாக்டர்ல வெயில்ல ஓட்டி பாத்தாங்க. வெளில ஓட்டுனா தான் நெஜ தொல்லை தெரியும்: பாக்டீரியாவுக்கு 30 டிகிரி சுத்துல இருக்கணும், வெயில்ல கண்ணாடிக்குள்ள இருக்குற தண்ணி 40 தாண்டிரும், ராத்திரி குளுந்துரும், செல் சுவத்துல ஒட்டி வெளிச்சத்த மறைக்கும், ஹைட்ரஜன் மூலக்கூறு சின்னதா இருக்குறதால பிளாஸ்டிக் குழாய் வழியாவே கசியும்.

எனக்கு பிடிச்ச ஐடியா வேற ஒண்ணு. பாலஸ்ட்ரிஸ் செல்ல லேடெக்ஸ்ல கலந்து பெயின்ட் மாதிரி மெல்லிசா பூசி விட்டுட்டாங்க. வளராம, பெருகாம, அப்படியே ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல ஹைட்ரஜன் விட்டுக்கிட்டே இருந்துச்சு. மெல்லிசு பூச்சுங்கிறதால வெளிச்சப் பிரச்சனை பாதி தீந்துரும், வளரலங்கிறதால எலக்ட்ரான் செல் கட்டுறதுல போகாது.

வீட்ல ட்ரை பண்ணலாமா?

பாக்டீரியாவ வளக்கலாம். குளத்து சேறு, கொஞ்சம் காகிதத் துண்டு, முட்டை ஓடு போட்டு ஒரு கண்ணாடி ஜாடில அடச்சு ஜன்னல் ஓரமா வெச்சா சில வாரத்துல செவப்பு, ப்ரவுன் திட்டு வரும், வினோகிராட்ஸ்கி தூண் (column)னு பேரு, பசங்களுக்கு காட்ட அருமையான விஷயம்.

ஹைட்ரஜன சேத்து வெக்க மட்டும் போகாதீங்க. காத்துல 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரைக்கும் எந்த அளவுல கலந்தாலும் பத்திக்கும், வாசனை கெடையாது, பகல்ல தீ எரியுறது கூட கண்ணுக்கு தெரியாது. சிரிஞ்ச்ல அஞ்சு மில்லி பிடிச்சு பாக்குறது ஒண்ணு, பாட்டில்ல நெரப்பி மூடி வெக்கிறது வேற.

வேலை முடிஞ்ச பாக்டீரியாவ என்ன பண்றது?

தூக்கி எறியாதீங்க, காசே அதுல தான் இருக்கலாம். புரோட்டீன் நெறைய இருக்குறதால மீன், கோழி தீவனமா போட்டு பாத்திருக்காங்க, கரோட்டினாய்டும் கோஎன்சைம் க்யூ10ம் எடுக்கலாம், பிஹெச்பி சேத்து வெச்ச செல்லுல இருந்து மக்குற பிளாஸ்டிக் எடுக்கலாம். ஆனா பிஹெச்பி சேந்தா ஹைட்ரஜன் கொறையும்னு மேல சொன்னது ஞாபகம் இருக்கும், ரெண்டையும் ஒரே தொட்டில முழுசா எதிர்பாக்க முடியாது, எது வேணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு தான் ஸ்ட்ரெய்னும் தீனியும் தேர்ந்தெடுக்கணும்.